பின்னால் நிற்கும் பிள்ளையின் பெறுமதி

உங்கள் மகள் பாடசாலையில் ஹொக்கியோ வலைப்பந்தாட்டமோ விளையாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அணியில் அவளுக்குக் கொடுத்திருப்பது பின்வரிசை இடம். எதிரணியைக் கோல் போட விடாமல் தடுப்பது அவளது வேலை. போட்டி முடிந்து பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும்போது கோல் போட்ட பிள்ளையின் பெயர்தான் எல்லார் வாயிலும் இருக்கும். உங்கள் மகள் மூன்று கோல்களைத் தடுத்திருப்பாள். அதை எவரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

தோட்டத்து வேலையை அறிந்த சகோதரிகளுக்கு இது புதிதல்ல. கொழுந்து நிறுவைக்குப் போகும். எத்தனை கிலோ என்று புத்தகத்தில் விழும். கவ்வாத்து வெட்டுகிறவரின் வேலை தராசில் ஏறாது. ஆனால் கவ்வாத்து பிழைத்தால் அந்த மலையில் பிறகு நல்ல கொழுந்தைக் காண முடியாது. பின்வரிசை ஆட்டமும் அப்படித்தான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை, நுவரெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் பதினைந்து, பதினாறு வயதில் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு போதும், கொழும்பில் ஒரு வீட்டு வேலை இருக்கிறது, ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று யாராவது வந்து சொல்வார்கள். எழுபத்தேழிலும் எண்பத்துமூன்றிலும் கலவரங்களுக்கு அஞ்சி மலையை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களில் இந்த முடிவு இன்னும் விரைவாக எடுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் விளையாட்டு ஆசிரியை வந்து, "இந்தப் பிள்ளையை நிறுத்தாதீர்கள், இவளிடம் ஏதோ இருக்கிறது" என்று சொன்னால் ஒரு தாய் என்ன செய்வது? அந்த "ஏதோ" என்பதை எப்படி அளப்பது? கோல் போடும் பிள்ளை என்றால் எண்ணிப் பார்க்கலாம். தடுக்கும் பிள்ளையை எதை வைத்து எடை போடுவது?

ஏலத்தில் உயர்ந்த பெயர்

2024 ஒக்டோபர் 15ஆம் திகதி புதுடில்லியில் ஓர் ஏலம் நடந்தது. ஹொக்கி இந்தியா லீக் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் முதல் தடவையாகப் பெண்களுக்கும் ஒரு பிரிவு தொடங்கப்பட இருந்தது. நான்கு அணிகள் வீராங்கனைகளைப் பணம் கொடுத்துத் தெரிவு செய்தன. (பெண்களைப் பற்றிப் பேசும்போது ஏலம் என்ற சொல் காதுக்கு நன்றாக இல்லைதான். ஆனாலும் அங்கே விலை பேசப்பட்டது அவர்களின் ஆட்டத்துக்கு.) அன்று மிக உயர்ந்த தொகைக்குத் தெரிவானவர் உதிதா துஹான் என்ற 26 வயது வீராங்கனை. தொகை 32 இலட்சம் இந்திய ரூபா. இலங்கைப் பணத்தில் அன்றைய கணக்குக்கு ஒரு கோடி ரூபாவுக்கு மேல். உதிதா ஒரு பின்கள வீராங்கனை. வெளிநாட்டு வீராங்கனைகளில் உயர்ந்த தொகையான 29 இலட்சத்தைப் பெற்ற நெதர்லாந்தின் இப்பி யான்சனும் பின்களத்தைச் சேர்ந்தவரே.

ஆண்கள் பிரிவிலும் இதே கதைதான். இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்சத்துக்குத் தெரிவானார். அவரும் பின்கள வீரர். அதே விளையாட்டு, அதே இடம், அதே மைதான அளவு. ஆணுக்கு 78, பெண்ணுக்கு 32. இதைப் பற்றி எமது வாசகிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உதிதா ஹரியானா மாநிலத்தின் ஹிசார் பகுதியைச் சேர்ந்தவர். அவர் ஹொக்கியோடு பிறந்து வளர்ந்தவர் அல்லர். முதலில் விளையாடியது கைப்பந்தாட்டம். ஒரு தடவை தொடர்ந்து மூன்று நாட்கள் கைப்பந்தாட்டப் பயிற்றுநர் வரவில்லை. சும்மா நிற்பதை விட ஹொக்கியாவது ஆடுவோம் என்று பக்கத்தில் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். 2015இல் தந்தை காலமானார். அதன் பிறகு தாயின் துணையோடுதான் அவர் தொடர்ந்து ஆடினார். 2017இல் தேசிய அணிக்கு வந்தபோதும் அவர் பின்கள வீராங்கனையாக வரவில்லை. கோல் போடும் முன்கள வீராங்கனையாகவே வந்தார். நெதர்லாந்துக்காரரான ஷோர்ட் மரைன் பயிற்றுநராக இருந்த காலத்தில்தான் அவர் பின்னால் நிறுத்தப்பட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் வரை வந்தபோது உதிதா பின்களத்தில் நின்றார். 2024 ஜனவரியில் ராஞ்சியில் இத்தாலிக்கு எதிராகத் தமது நூறாவது சர்வதேசப் போட்டியை ஆடி, பின்களத்தில் இருந்தபடியே இரண்டு கோல்களும் போட்டார்.

இந்தக் கதையில் ஒரு விடயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உதிதாவுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது யாராவது ஒருவர் வந்து "இவள் எதிர்காலத்தில் சிறந்த பின்கள வீராங்கனை ஆவாளா?" என்று மதிப்பிட முயன்றிருந்தால் அந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. அவர் தொடங்கியது வேறொரு விளையாட்டில்; ஹொக்கியில் தேசிய அணிக்கு வந்ததும் முன்கள வீராங்கனையாகத்தான். ஆகவே எங்கள் தோட்டப் பாடசாலையில் ஹொக்கி மட்டையே இல்லை என்று எவரும் மனம் சோர வேண்டாம். வலைப்பந்தாட்டத்தில் எதிரணியின் கோல் எறிபவரை விடாமல் நிழலாகத் தொடர்கிற பிள்ளை, கபடியில் காலைப் பிடிக்கச் சரியான கணத்துக்காகக் காத்திருக்கிற பிள்ளை, இவர்கள் கற்பதும் தடுப்பாட்டத்தையேதான்.

மூங்கில் மட்டையும் ஆட்டுக்கிடாயும்

இந்தியாவில் ஹொக்கிப் பின்களத்துக்குப் பெயர்போன பெண்கள் பலர் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் மலைக் கிராமங்களில் இருந்து வருகிறார்கள். எம் மூதாதையர் தமிழ்நாட்டில் இருந்து கண்டிச் சீமைக்குக் கோப்பி பறிக்கவும் தேயிலை நடவும் கொண்டுவரப்பட்ட அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அந்தச் சோட்டாநாக்பூர் மலைகளின் ஆதிவாசி மக்களும் அசாமுக்கும் வங்காளத்தின் டூவார்ஸ் பகுதிக்கும் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு வகையில் எமக்கு உறவு முறைதான்.

அங்கே சிம்டேகா, குந்தி, சுந்தர்கர் போன்ற மாவட்டங்களில் பிள்ளைகள் மூங்கிலை வளைத்து மட்டை செய்து விளையாடிப் பழகுகிறார்கள். கிராமப் போட்டிகளில் வெற்றிக் கிண்ணம் இல்லை. வென்ற அணிக்கு ஓர் ஆடு, இல்லாவிட்டால் கோழி. ஊரே கூடி நின்று பார்க்கும். குந்தி மாவட்டத்தின் ஹேசல் என்ற சிறு கிராமத்தைச் சேர்ந்த நிக்கி பிரதான், ராஞ்சியின் பரியாட்டு பெண்கள் பயிற்சி நிலையத்துக்குப் போய், 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். ஜார்க்கண்டில் இருந்து ஒலிம்பிக் சென்ற முதல் ஹொக்கி வீராங்கனை அவரே. இந்தியப் பெண்கள் அணி 36 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக்கில் காலடி வைத்ததும் அந்த ஆண்டில்தான். ஒடிசாவின் லுல்கிடிஹி கிராமத்துத் தீப் கிரேஸ் எக்கா, அண்ணனைப் போலக் கோல் காப்பாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். வீட்டார் சொல்லித்தான் பின்களத்துக்கு வந்தார். டோக்கியோவில் அவர் துணைத் தலைவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1928இல் அம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஒலிம்பிக் ஹொக்கித் தங்கம் வென்ற அணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டாவும் இதே குந்திப் பக்கத்து ஆதிவாசி. அவரும் பின்கள ஆட்டக்காரர். பின்னாளில் அரசியலமைப்பு நிர்ணய சபையில் தம் மக்களுக்காகக் குரல் கொடுத்தார். 2025 ஜனவரியில் பெண்கள் லீக்கின் முதல் தொடர் முழுவதும் ராஞ்சியில் அவர் பெயரைத் தாங்கிய மைதானத்திலேயே நடைபெற்றது.

எதைப் பார்ப்பது?

பாடசாலை மைதான ஓரத்தில் நிற்கும்போது நாம் எல்லோரும் பந்தையே பார்க்கிறோம். பின்வரிசைப் பிள்ளையை எடை போட விரும்பினால் பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு அவளை மட்டும் பாருங்கள். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். கண் தானாகப் பந்துக்கு ஓடும்.

பந்து தூரத்தில் இருக்கும்போது அவள் என்ன செய்கிறாள்? சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறாளா, அல்லது தலையைத் திருப்பித் திருப்பி யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளா? நல்ல தடுப்பாட்டக்காரி பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு மூன்று தடவை பின்னால் பார்த்திருப்பாள். வீதி கடக்கும் தாய் இரண்டு பக்கமும் பார்ப்பது போல அது ஒரு பழக்கம். இந்தப் பழக்கம் இயல்பாகவே உள்ள பிள்ளையை அனுபவமுள்ள பயிற்றுநர் உடனே கண்டுகொள்வார்.

அடுத்து, எதிரணிப் பிள்ளை பந்தோடு நேரே வரும்போது பாருங்கள். பழக்கமில்லாதவள் பாய்ந்துவிடுவாள். பாய்ந்தால் ஒரு சிறு விலகலில் அவளை ஏமாற்றிக் கடந்துவிடலாம். நல்ல பிள்ளை முழங்காலை மடித்து, மட்டையைத் தரையோடு வைத்து, சிறு சிறு அடிகளாகப் பின்வாங்கிக்கொண்டே வருவாள். பார்ப்பவர்களுக்கு அது பயம் போலத் தெரியும். "போய் எடு, போய் எடு" என்று ஓரத்தில் இருந்து கத்துவார்கள். அவள் உண்மையில் நேரம் வாங்குகிறாள். தன் அணியினர் திரும்பி வரும் வரை எதிரியை மெதுவாக்குகிறாள்.

ஹொக்கியில் இதற்கு ஒரு நுட்பமும் உண்டு. ஹொக்கி மட்டையின் தட்டையான இடப்பக்கத்தால் மட்டுமே பந்தை அடிக்கலாம். இடக்கைக்காரருக்கென்று வேறு மட்டை கிடையாது. ஆகவே எல்லாருக்கும் வலப்பக்கம் பலமானது. இடப்பக்கத்தில் மட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருப்பதால் அது பலவீனம். கெட்டிக்காரத் தடுப்பாட்டக்காரி தன் உடலைச் சற்றுச் சாய்த்து நின்று, எதிரியைத் தன் வலப்பக்கமாக, மைதான ஓரத்தை நோக்கி வரச் செய்வாள். எதிரி தானாக அந்தப் பக்கம் போகிறோம் என்றே நினைப்பாள். மாட்டை அடிக்காமல் வழியை மட்டும் மறித்துப் பட்டிக்குள் கொண்டுபோகிற ஆள் செய்வதும் இதைத்தான்.

கோலுக்கு முன்னால் 14.63 மீற்றர் தூரத்தில் அரைவட்டம் போல ஒரு கோடு இருக்கும். அதற்குள் வைத்துத்தான் கோல் அடிக்க முடியும். அதற்குள் தடுப்பாட்டக்காரியின் காலில் பந்து பட்டாலும், அவள் தவறு செய்தாலும், எதிரணிக்குப் பெனால்டி கோர்னர் கிடைக்கும். அப்போது கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்க வேண்டும். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் பல கோல்களின் கதை இங்கேதான் எழுதப்படுகிறது. ஆகவே அந்த வட்டத்துக்குள் ஒரு பிள்ளை நிதானம் இழக்கிறாளா, கையைக் காலைப் போடுகிறாளா என்பது பெரிய விடயம். பச்சை அட்டை காட்டினால் இரண்டு நிமிடமும், மஞ்சள் அட்டை காட்டினால் குறைந்தது ஐந்து நிமிடமும் வெளியே இருக்க வேண்டும்; அவ்வளவு நேரமும் அணிக்கு ஓர் ஆள் குறைவு. கோபக்காரத் தடுப்பாட்டக்காரி அணிக்குச் செலவு வைப்பாள்.

2021 ஓகஸ்ட் 2ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் இந்தியப் பெண்கள் அவுஸ்திரேலியாவைச் சந்தித்தார்கள். 22ஆவது நிமிடத்தில் பின்கள வீராங்கனை குர்ஜித் கௌர் ஒரு பெனால்டி கோர்னரைக் கோலாக்கினார். அதன் பிறகு முழுவதும் தடுப்பாட்டம். அவுஸ்திரேலியாவுக்கு ஏழு பெனால்டி கோர்னர்கள் கிடைத்தன, ஒன்றுகூடக் கோலாகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒருத்தி பந்தை நோக்கி நேரே ஓடினாள், ஒருத்தி கம்பத்தடியில் நின்றாள், கோல் காப்பாளர் சவிதா விழுந்து எழும்பினார். 1–0 என்று ஆட்டம் முடிந்தது. கோல் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அந்த ஆட்டத்தின் காணொளி கிடைத்தால் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்து நாள் வகுப்பு எடுத்தது போல.

பந்தைப் பறித்த பின்பு என்ன செய்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் தடுப்பவர் பந்தை எங்காவது தூர அடித்துவிட்டால் போதும் என்று இருந்தது. இப்போது அது போதாது. பறித்த பந்தைத் தலை நிமிர்த்திப் பார்த்து, தன் அணியில் சரியான ஆளிடம் சேர்ப்பவளே விலை போகிறாள். ஏலத்தில் பின்கள ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவு பணம் கொடுக்கப்பட்டதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர்களில் பலர் பெனால்டி கோர்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசிக் கோல் போடும் வித்தையும் கற்றவர்கள். யான்சன், ஹர்மன்பிரீத் இருவரும் அதில் பேர் பெற்றவர்கள். தடுக்கத் தெரிந்தவள் இன்னொரு கைத்தொழிலையும் கற்று வைத்தால் அவளுக்கு மதிப்புக் கூடுகிறது.

கடைசியாக, என் கணக்கில் இதுதான் முதலாவது: அவளை ஏமாற்றி எதிரி கடந்து போன அடுத்த மூன்று நொடி. தலையில் கை வைத்து நிற்கிறாளா, மற்றவளைக் குறை சொல்லுகிறாளா, அல்லது திரும்பி ஓடுகிறாளா? திரும்பி ஓடுகிற பிள்ளைக்கு மற்றதெல்லாம் கற்றுக்கொடுக்கலாம்.

"சத்தம் போடாதே"

பின்வரிசையில் நிற்பவளுக்கு முழு மைதானமும் தெரியும். முன்னால் நிற்பவர்களுக்குத் தங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஆகவே பின்னால் நிற்பவள் பேச வேண்டும். "இடப்பக்கம் ஆள் வருது", "விடு, நான் பார்க்கிறேன்", "மேலே ஏறு" என்று ஆட்டம் முழுவதும் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஊமையாக ஆடும் தடுப்பாட்டக்காரி எவ்வளவு கெட்டிக்காரியானாலும் மேலே போவது கஷ்டம் என்று பயிற்றுநர்கள் சொல்வார்கள்.

இங்கேதான் எமது பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்பது என் எண்ணம். பெண் பிள்ளை சத்தமாகப் பேசினால் அடக்குகிற பழக்கம் லயத்திலும் இருக்கிறது, ஊரிலும் இருக்கிறது. யுத்த காலத்தில் வளர்ந்த தாய்மாருக்கு அது இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சத்தம் போடாமல், எவர் கண்ணிலும் படாமல் இருப்பதே உயிரைக் காக்கும் வழியாக இருந்த நாட்கள் அவை. அந்தப் பாடத்தை நாம் அறியாமலே பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகிறோம். வேற்றுப் பாடசாலைப் பிள்ளைகள் சிங்களத்தில் கத்தி ஆடும்போது எமது பிள்ளை வாயடைத்துப் போகிறாள். தெரிவாளர் தமது குறிப்பில் "தலைமைத்துவம் போதாது" என்று எழுதிக்கொள்வார். அது அவளுடைய குணம் அல்ல, பழக்கம். மாலையில் லயத்துக்கு வெளியே தண்ணீர் எடுக்கும் இடத்தில் அவள் தோழிகளைக் கூப்பிடும் குரலைக் கேட்டால் இது புரியும். அந்தக் குரல் மைதானத்துக்கும் வர வேண்டும்.

சோம்பலா, சோகையா?

ஹொக்கி ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுகிறது. பின்வரிசையில் நிற்பவர்கள் நீண்ட தூரம் ஓடுவதை விட, குறுகிய தூரத்தைத் திடீர் திடீரென்று வேகமாக ஓடி, உடனே நின்று, திரும்பி மீண்டும் ஓட வேண்டும். இதை அளக்க யோ–யோ என்ற ஒரு சோதனை உண்டு. 20 மீற்றர் தூரத்தில் இரண்டு அடையாளங்களை வைத்து, ஒலி கேட்கும் நேரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும், பத்து நொடி ஓய்வு, பிறகு மீண்டும். வேகம் கூடிக்கொண்டே போகும். எமது மலைகளில் சமதரை கிடைப்பது அரிது என்றாலும் இருபது மீற்றர் எங்கும் கிடைக்கும். பெரட்டுக் களமே போதும். ஏற்றமும் இறக்கமுமாக ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகளுக்குக் காலில் பலம் இருக்கும்.

ஆனால் இரண்டாம் பாதியில் ஒரு பிள்ளை சோர்ந்து நின்றுவிட்டால் உடனே "சோம்பேறி" என்று எழுதிவிட வேண்டாம். வளர்ந்துவரும் பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்கிய பின் இரும்புச்சத்துக் குறைவு எளிதில் வருகிறது. தோட்டப் பகுதிகளில் இரத்தச்சோகை நீண்டகாலப் பிரச்சினை. மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, வெளிறிய கண்ணிமை, எந்நேரமும் அசதி என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சோகை நீங்கிய பின் அதே பிள்ளை வேறு ஆளாக ஓடுவதைக் காணலாம்.

இதில் எமக்கே உரிய ஒரு விடயம் இருக்கிறது. நாம் பறிக்கிற தேயிலைதான். சாப்பாட்டோடு சேர்த்தோ, சாப்பிட்ட கையோடோ சாயத் தண்ணீர் குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைந்துவிடும். ரொட்டியும் பிளேன்டீயுமே காலைச் சாப்பாடாக உள்ள வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல என்பது தெரியும். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தாலே பயன் உண்டு. பயறு, கௌபி, கீரை, நெத்தலி ஆகியவற்றோடு சிறிது தேசிக்காய்ப்புளி சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பதின்மூன்று வயதில் விரைவாக வளர்ந்துவிட்ட பிள்ளை, பலத்தால் மட்டும் எல்லாரையும் தடுத்துவிடுவாள். தெரிவாளர்களும் அவளையே எடுப்பார்கள். பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்த பிறகு பார்த்தால் நிலைமை மாறியிருக்கலாம். சிறிய உடலோடு மூளையால் ஆடப் பழகியவள் அப்போது முன்னுக்கு வருவாள். எனவே ஒரு நாள் தெரிவுப் போட்டியை வைத்து ஒரு பிள்ளையைத் தூக்குவதும் கூடாது, தள்ளுவதும் கூடாது. ஒரு தவணை பார்த்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்த்து, எவ்வளவு முன்னேறியிருக்கிறாள் என்று பார்ப்பதே நல்ல மதிப்பீடு.

சோறு போடுமா?

இலங்கையில் பெண்களுக்கு ஹொக்கி ஏலம் கிடையாது. ஹொக்கி ஆடியே குடும்பம் நடத்தலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாத்தளையும் கண்டியும் பாடசாலை ஹொக்கிக்குப் பேர்போன இடங்கள். அங்கே தேறி வருகிறவர்களில் பலர் முப்படைகளின் மகளிர் அணிகளுக்குப் போகிறார்கள். சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வழி அது. எமது வாசகிகள் பலருக்கு அந்த வாசல் எப்படிப்பட்டது என்பதை நான் எழுதத் தேவையில்லை. அது ஒவ்வொரு குடும்பமும் தானே தீர்மானிக்க வேண்டியது. வலைப்பந்தாட்டத்தில் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அணிகள் வைத்திருப்பதால் அந்தப் பக்கம் சற்று வசதி உண்டு. யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்குள் வளர்ந்த தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தால் அவுஸ்திரேலியக் கழகங்கள் வரை போய் ஆடினார். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றதில் அவர் பங்கு பெரிது. ஆனால் அவருடைய உயரம் எல்லாருக்கும் வாய்ப்பதல்ல.

பல்கலைக்கழக அனுமதியில் தேசிய, சர்வதேச மட்ட விளையாட்டுச் சாதனைக்கென்று விசேட ஒதுக்கீடு உண்டு. அதற்கு உயர்தரத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும். கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வி ஒரு பாடநெறி. நடுவர் பரீட்சைகளும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் படிப்பு வேண்டும். விளையாட்டுக்காகப் படிப்பை நிறுத்து என்று சொல்கிறவரும், விளையாட்டை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு அனுப்பு என்று சொல்கிறவரும் பிள்ளையின் ஒரே கதவைத்தான் சாத்துகிறார்கள்.

வெளிநாட்டு அணியில் சேர்த்துவிடுவதாகப் பணம் கேட்டு வருபவர்கள் விடயத்தில் மிகவும் கவனம் தேவை. 2004இல் இலங்கைத் தேசிய கைப்பந்தாட்ட அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜெர்மனிக்குப் போய் ஒரு சில ஆட்டங்களில் தோற்றுவிட்டு மறைந்துபோனார்கள். அப்படி ஒரு தேசிய அணியே அன்று இருக்கவில்லை. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், அந்த மாதிரி ஆட்கள் இன்று பெண் பிள்ளைகளைத் தேடி வந்தால் அது சிரிக்கிற விடயம் அல்ல. உண்மையான தெரிவுக் கடிதம் பாடசாலை அதிபர் வழியாகவோ, வலயக் கல்வி அலுவலகம் வழியாகவோ, விளையாட்டுச் சங்கத்தில் இருந்தோ வரும். பதிவுக்கென்று எவர் கையிலும் காசு கொடுக்க வேண்டாம்.

வெளியூர்ப் பயிற்சி முகாமுக்கு அனுப்புவதற்கு முன் தாய் கேட்க வேண்டியவை சில உண்டு. கூடப் போகும் ஆசிரியை யார், பிள்ளைகள் இரவு எங்கே தங்குவார்கள், அங்கே பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா, அவசரத்துக்கு எந்த இலக்கத்துக்குப் பேசுவது. இவற்றைக் கேட்டால் கோபிக்கிற பயிற்றுநரிடம் பிள்ளையை விடத் தேவையில்லை. முகாமில் இருந்து வந்த பின் அவள் பேச விரும்பாமல் ஒதுங்கினால் அதையும் கவனியுங்கள்.

வயதுப் பிரிவுப் போட்டிகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். இடம்பெயர்ந்தபோது பத்திரங்களைத் தொலைத்தவர்களும், தோட்டத்தில் பிறப்பைப் பதியாமலே விட்டவர்களும் எம்மில் அதிகம். மாகாண மட்டத்துக்குத் தெரிவான பிறகு அதைத் தேடி ஓடினால் நேரம் போதாது. பிறப்பு நடந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதியாத பிறப்பென்றால் காலம் கடந்த பதிவுக்கு அங்கேயே விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் உறுதிக் கடிதமும், தோட்ட வைத்திய நிலையப் பதிவு, பாடசாலை அனுமதிப் பதிவு போன்றவற்றில் கிடைப்பதும் கையில் இருந்தால் வேலை இலகுவாகும். பிரதி கிடைத்ததும் இரண்டு ஒளிப்படப் பிரதிகள் எடுத்து, ஒன்றைப் பாடசாலைக் கோப்பில் போட ஆசிரியையிடம் கொடுத்துவிடுங்கள்.